ஹவாயின் 38 நிமிடங்கள்: ஏவுகணை வருகிறது என்று கைபேசி அலறினால்

2018 ஜனவரி 13, சனிக்கிழமை. ஹவாய்த் தீவுகளில் காலை 8:07. ‘ஹவாயை நோக்கி ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள், இது ஒத்திகை அல்ல’ என்று கைபேசிகள் அலறின. ஆங்கிலத்தில் அந்தச் செய்தி இடைவெளிகளையும் சேர்த்து 88 எழுத்து. அன்றைக்கு அமெரிக்கக் கைபேசி எச்சரிக்கைகளுக்கு 90 எழுத்துதான் உச்சவரம்பு. எங்கே ஒதுங்குவது, எத்தனை நிமிடம் கையில் இருக்கிறது, எவ்வளவு நேரம் உள்ளே இருக்க வேண்டும், எதற்கும் அதில் இடமில்லை. பொய்ச் செய்தி என்று அதே கைபேசிகளுக்கு மறுப்பு வந்தபோது மணி 8:45. அதுவரை 14 லட்சம் பேர் வாழும் ஒரு மாநிலம், தன் கடைசிச் சில நிமிடங்கள் இவை என்று நம்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு இடத்தில் இருக்கிறார்களே, யாரிடம் ஓடுவது என்று பெற்றோர் தவித்தார்கள். ‘போய் வருகிறேன்’ என்ற தொனியில் அம்மா அப்பாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியவர்கள் ஏராளம். அந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய யாருக்கும் தகுதியில்லை. அதற்கு ஆறு வாரம் முன்புதான், 2017 நவம்பர் 28 அன்று, வடகொரியா ஹ்வாசாங்-15 ஏவுகணையைச் சோதித்திருந்தது. டிசம்பர் 1 அன்று பனிப்போருக்குப் பிறகு முதல்முறையாக ஹவாயில் தாக்குதல் சங்கை ஊதிச் சோதித்திருந்தார்கள். நம்புவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது.

கோளாறு எங்கே தொடங்கியது என்பதைப் பார்த்துவிடுவோம். மாநில அவசரகால மேலாண்மை நிலையம் டயமண்ட் ஹெட் எரிமலைக் குழிக்குள் இருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து பகல் ஷிஃப்ட் ஏறும் நேரத்தில், இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் முன்னறிவிப்பில்லாத ஓர் ஒத்திகை வைத்தார். பகல் ஷிஃப்டின் மேற்பார்வையாளரோ அது இரவு ஆட்களுக்கான ஒத்திகை என்று நினைத்துக்கொண்டார். அதனால் பகல் ஆட்களை மேற்பார்க்க அந்த நேரத்தில் யாருமில்லை. பசிபிக் ராணுவத் தலைமையகத்திலிருந்து வருவதுபோல் ஒரு பதிவுக் குரலைப் போனில் போட்டார்கள். அதன் தொடக்கத்திலும் முடிவிலும் ‘பயிற்சி, பயிற்சி, பயிற்சி’ என்று இருந்தது. நடுவில் ‘இது ஒத்திகை அல்ல’ என்ற வரியும் இருந்தது! கேட்டவர்களில் மற்றவர்களுக்கு அது பயிற்சி என்று புரிந்தது. ஒருவருக்கு மட்டும் நடுவிலிருந்த வரிதான் காதில் விழுந்தது. கணினித் திரையில் பட்டியலைத் திறந்து, ஒத்திகைக்குப் பதிலாக உண்மை எச்சரிக்கையைத் தேர்ந்தெடுத்தார். ‘நிச்சயமாக அனுப்பலாமா’ என்று கணினி கேட்டது. ‘ஆம்’ என்றார். மெய்யான தாக்குதல் என்று நம்புகிறவர் வேறு என்ன சொல்வார்? இப்படி ஒரு கேள்வி கைதவறி அமுக்குவதைத்தான் தடுக்கும். தப்பாக நம்புவதைத் தடுக்க இன்னொரு மனிதர் வேண்டும். அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கினார்கள், தலைமை அதிகாரி பதவி விலகினார். ஆளை நீக்குவது எளிது. இரண்டு பேர் சேர்ந்து ஒப்புதல் தந்தால்தான் எச்சரிக்கை போகும் என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது.

உண்மை தெரிய எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். 8:09-க்கு ஆளுநருக்குத் தகவல் போய்விட்டது. 8:10-க்கு, ஏவுகணை எதுவும் ஏவப்படவில்லை என்பது ராணுவத் தலைமையகத்தோடு பேசி உறுதியாகிவிட்டது. 8:12-க்கு எச்சரிக்கையை ‘ரத்து’ செய்தார்கள். ஆனால் அந்த ரத்து செய்தது ஒன்றுதான்: இன்னும் போய்ச்சேராத கைபேசிகளுக்குப் போகாமல் நிறுத்தியது. ஏற்கெனவே செய்தியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தையும் போகவில்லை. நிலையத்துக்குப் போன் செய்தால் இணைப்பு கிடைக்கவில்லை. 8:19-க்கு நாடாளுமன்ற உறுப்பினர் துளசி கப்பார்ட் ட்விட்டரில் பொய் எச்சரிக்கை என்று போட்டார். 8:20-க்கு நிலையம் தன் சமூக ஊடகப் பக்கங்களில் போட்டது. 8:24-க்கு ஆளுநர். தன் ட்விட்டர் கணக்கின் கடவுச்சொல் தனக்குத் தெரியாது என்று ஆளுநரே பின்னர் ஒப்புக்கொண்டார். (இதற்கு நேரெதிராக, அந்த நிலையத்தில் 2017-இல் எடுத்த ஒரு பத்திரிகைப் படத்தில் கடவுச்சொல் எழுதிய துண்டுச்சீட்டு கணினித் திரையில் ஒட்டியிருப்பது தெரிந்து ஊரே சிரித்தது.) கைபேசிகளுக்கு மறுப்பு அனுப்ப முன்கூட்டி எழுதிய வாசகம் எதுவுமில்லை. அப்படி அனுப்பலாமா என்பதிலேயே சந்தேகம். 8:30 வாக்கில் மத்திய அவசரகால முகமையைக் கேட்டுத் தெளிந்து, வாசகத்தை எழுதி, 8:45-க்கு அனுப்பினார்கள். உண்மை தெரிய 3 நிமிடம், அதைச் சொல்ல இன்னும் 35 நிமிடம். மூன்று நாள் கழித்து ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே இதே மாதிரி ஒரு பொய் எச்சரிக்கையை அனுப்பி, 5 நிமிடத்தில் திருத்திவிட்டது. பள்ளியோ, அடுக்குமாடிச் சங்கமோ, தொழிற்சாலையோ, அவசரச் செய்தி அனுப்பும் பொறுப்பு உங்கள் கையில் இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: எச்சரிக்கை வாசகத்தை எழுதிவைக்கும் அன்றே மறுப்பு வாசகத்தையும் எழுதிவையுங்கள், இரண்டும் ஒரே வழியில் ஒரே ஆட்களுக்குப் போக வேண்டும், ஒத்திகை வாசகத்தில் ‘ஒத்திகை அல்ல’ என்ற சொற்கள் எந்த இடத்திலும் இருக்கக் கூடாது.

ஒத்திகை நிஜத்தோடு கலப்பது புதிதல்ல. 1979 நவம்பர் 9 அன்று, கொலராடோவில் மலைக்குள் இருக்கும் அமெரிக்க எச்சரிக்கை மையத்தில் பயிற்சித் தரவு மெய்யான திரைகளில் ஏறி, சோவியத் பெருந்தாக்குதல் வருவதாகக் காட்டியது. போர் விமானங்கள் வானில் ஏறிவிட்டன. செயற்கைக்கோள், ரேடார் தரவுகளைத் தனியாகப் பார்த்த பிறகே பொய் என்று தெரிந்தது. 1983 செப்டம்பர் 26 அன்று மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 பதுங்கு நிலையத்தில் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகத் திரை காட்டியது. பணியிலிருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ், ஐந்தே ஐந்தை வைத்து யாரும் போர் தொடங்கமாட்டார்கள், தரை ரேடாரிலும் ஒன்றும் தெரியவில்லை என்று யோசித்துப் பொய் எச்சரிக்கை என்று மேலே சொன்னார். உயரத்து மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையாக எண்ணியிருந்தது. 1995 ஜனவரி 25 அன்று நார்வே ஓர் ஆராய்ச்சி ராக்கெட் விட்டது. முன்கூட்டியே ரஷ்யாவுக்குத் தகவல் கொடுத்தும் அது ரேடார் ஆட்களுக்குப் போய்ச் சேராமல், ரஷ்ய அதிபர் எல்ட்சின் முன்னால், அணு ஆயுதத் தாக்குதலுக்கு உத்தரவிடும் பெட்டி திறக்கப்பட்டது. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே ஏவுகணை பறக்கும் நேரம் ஏறக்குறைய 30 நிமிடம். அதில் தலைவர் யோசிக்கக் கிடைப்பது விரல்விட்டு எண்ணும் நிமிடங்கள். இந்தக் கதைகளைச் சொல்லும்போது வழக்கமாக நாயகனைத்தான் பேசுகிறோம். எனக்கு உறுத்துவது, ஒவ்வொரு முறையும் இரண்டாவதாகப் பார்க்க வேறொரு கண் இருந்ததால்தான் தப்பித்தோம் என்பது.

பொதுமக்களுக்கு அந்த இரண்டாவது கண் கிடையாது. ஹவாயில் அன்று பலர் செய்த முதல் வேலை செய்தி மெய்யா என்று தேடியது. டிவியைப் போட்டார்கள், நண்பர்களைக் கேட்டார்கள், அவசர எண்ணை அடித்தார்கள். மனித இயல்புதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அன்றைய ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்தபோதும், செய்தியைச் சரிபார்க்கும் தவிப்பும், பிறகு ‘என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவேயில்லை’ என்ற ஆற்றாமையும்தான் மேலே வந்தன. வடகொரியாவிலிருந்து ஹவாய்க்கு ஏவுகணை வர ஏறக்குறைய 20 நிமிடம். கண்டுபிடித்து, உறுதிசெய்து, அறிவிப்பதில் அதில் ஒரு பங்கு போய்விடும். ஆக உங்கள் கைக்கு வருவது 15 நிமிடத்துக்கும் குறைவு. அதைத் தேடலில் செலவழிக்காதீர்கள். முதலில் உள்ளே போங்கள், உள்ளே உட்கார்ந்துகொண்டு சரிபாருங்கள். பொய்யாக இருந்தால் இழப்பது அரை மணி நேரம்.

அடுத்தது கார். அன்று வேகமாக ஓட்டிப் போனவர்கள் உண்டு, எச்-3 நெடுஞ்சாலையின் மலைச் சுரங்கத்துக்குள் வண்டியை நிறுத்தியவர்கள் உண்டு. ஏற்கெனவே சுரங்கத்துக்குள் இருப்பவருக்கு அது நல்ல இடம்தான். அதைத் தேடி 10 கிலோமீட்டர் போகிறவர் வழியில் வாகன நெரிசலில் மாட்டிக்கொள்வார், காரின் தகடும் கண்ணாடியும் கதிர்வீச்சை ஏறக்குறைய அப்படியே உள்ளே விடும். அணுகுண்டின் ஒளி, அதிர்வலை, கதிரியக்கத் தூசி, மூன்றிலிருந்தும் கார் காப்பாற்றாது. குழந்தைகளை மழைநீர் வடிகாலுக்குள் இறக்கிய காணொளி உலகம் முழுக்கப் போனது. மண்ணுக்கடியில் இருப்பது நல்லதுதான், ஆனால் தண்ணீரில்லாமல் ஒரு நாள் முழுக்க அங்கே எப்படி உட்காருவது? மழை பெய்தால் தெருவின் தூசியெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

அணுகுண்டு வெடித்தால் முதலில் வருவது ஒளி. பிறகு அதிர்வலை. இரண்டுக்கும் இடைவெளி கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 விநாடி. 8 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு 20 விநாடிக்கு மேல் கிடைக்கும். அந்த 20 விநாடியில்தான் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடுவார்கள், ‘என்ன வெளிச்சம் அது’ என்று பார்க்க. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானத்தில் விண்கல் வெடித்தபோது இதுதான் நடந்தது. வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலில் நின்றவர்கள் மேல், பின்னால் வந்த அதிர்வலை கண்ணாடியைச் சிதறடித்தது. சுமார் 1,500 பேர் சிகிச்சைக்குப் போனார்கள், பெரும்பாலும் கண்ணாடிக் காயம். ஆகவே கண்கூசும் வெளிச்சம் வந்தால் பார்க்காதீர்கள். குப்புறப் படுங்கள், முகத்தைக் கைகளுக்குள் புதையுங்கள், வாசற்கதவுக்கும் ஜன்னலுக்கும் நேராக இருக்காதீர்கள், அலை வந்து போகும்வரை எழுந்திருக்காதீர்கள்.

இதற்குப் பிறகு வருவதுதான் உயிரைக் காப்பதற்கு மிக அதிக வாய்ப்புள்ள கட்டம். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாததும் இதுதான். தீப்பந்து தரையைத் தொட்டால் மண்ணும் கட்டடத் துகளும் மேலே உறிஞ்சப்பட்டு, கதிரியக்கத் தூசியாகக் காற்றோடு போய் விழும். மணல் போலவும் சாம்பல் போலவும் கண்ணுக்குத் தெரியும் துகள்கள் அவை. (ஹிரோஷிமாவில் குண்டு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததால் இந்தத் தூசி ஒப்பீட்டளவில் குறைவு.) நேரடி அழிவு வளையத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தூசி வந்துசேரப் பொதுவாக 10 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். வெடித்த பிறகு நல்ல கட்டடம் தேடிப் போக அந்த 10 நிமிடம்தான் உங்கள் வாய்ப்பு. தூசி விழத் தொடங்கிய பிறகு வெளியே திரிவதுதான் ஆகப் பெரிய தப்பு.

நல்ல செய்தி, இந்தத் தூசியின் வீரியம் மளமளவென்று இறங்கும். வல்லுநர்கள் பயன்படுத்தும் கணக்கு 7-க்கு 10: நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு பத்தில் ஒன்றாகும். வெடித்து 1 மணி நேரத்தில் அளவு 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 மணி நேரத்தில் 100. இரண்டு நாளில் 10. இரண்டு வாரத்தில் 1. அதனால்தான் முதல் 24 மணி நேரம் அசையாதே என்கிறார்கள். அதனால்தான் ஹவாய் அதிகாரிகள் இரண்டு வாரத்துக்கான பொருட்களைச் சேர்த்துவைக்கச் சொன்னார்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் பிள்ளையைத் தேடி வெளியே போகிறவர் வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சு, மறுநாள் போகிறவர் வாங்குவதைவிடப் பல மடங்கு. பள்ளி நேரத்தில் நடந்தால் பிள்ளை பள்ளிக்கட்டடத்துக்குள் இருக்கட்டும். மனம் ஒப்பாது, ஆனாலும் இதைக் குடும்பத்தில் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

கட்டடத்தில் எங்கே? தூசி இரண்டு இடத்தில் படியும்: கூரையிலும், சுற்றிலும் உள்ள தரையிலும். இரண்டிலிருந்தும் எவ்வளவு தள்ளி, எவ்வளவு கனமான பொருளை நடுவே வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் கான்கிரீட் இந்தக் கதிர்வீச்சைப் பாதியாக்கும். 20 சென்டிமீட்டர் பத்தில் ஒன்றாக்கும், 40 சென்டிமீட்டர் நூறில் ஒன்றாக்கும். நிலத்தடித் தளம் இருந்தால் நிலத்தடித் தளம். பல மாடிக் கான்கிரீட் கட்டடத்தில் நடு மாடியின் நடுப்பகுதி: படிக்கட்டுச் சுவர், லிஃப்ட் சுவர் பக்கம், ஜன்னலில்லாத நடைவழி. மேல்மாடி கூடாது, பக்கத்துக் கட்டடத்தின் கூரைக்குச் சமமாக இருக்கும் மாடியும் கூடாது, அந்தக் கூரையிலும் தூசி கிடக்கும். ஹவாயின் பிரச்சினை இங்கேதான். அங்கே பழைய வீடுகள் பல ஒற்றை மரப்பலகைச் சுவர் கொண்டவை, நிலத்தடித் தளம் அரிது, பொதுப் பதுங்கிடம் என்று குறித்த கட்டடமும் இல்லை. மரவீட்டின் தரைத்தளம் கதிர்வீச்சைப் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோதான் குறைக்கும். பெரிய கான்கிரீட் கட்டடத்தின் உட்பகுதி நூறில் ஒன்றாக்கும். குளியல் தொட்டிக்குள் படுத்தவர்கள் அன்று நிறைய. அது கான்கிரீட் அடுக்குமாடியின் உள்குளியலறை என்றால் சரி, பலகை வீட்டில் என்றால் ஆறுதல் மட்டுமே. ஐந்து நிமிட நடையில் கனமான கட்டடம் எது என்பதை வீட்டுக்கு ஒன்று, வேலையிடத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று இன்றே பார்த்துவைப்பதற்குக் காசு செலவில்லை.

தூசி மேலே பட்டுவிட்டால் பதற வேண்டாம், நேரமும் கடத்த வேண்டாம். மேலாடையைக் கழற்றினாலே 90 சதவீதம் வரை தூசி போய்விடும். உதறாமல் கழற்றி, பையில் போட்டுக் கட்டி, ஆட்கள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் குளியுங்கள். தோலைத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள். தலைக்கு ஷாம்பு போடலாம், கண்டிஷனர் கூடாது, அது துகளை முடியோடு பிடித்துவைத்துக்கொள்ளும். குளிக்க வழியில்லையென்றால் ஈரத்துணியால் முகம், கை, இமை, காது துடையுங்கள், மூக்கைச் சீந்துங்கள். வெளியே சுற்றிய நாயையும் இதேபோலக் கழுவிய பிறகே உள்ளே விடுங்கள். வெளிக்காற்றை உள்ளிழுக்கும் ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

அயோடின் மாத்திரையைப் பற்றி ஊரில் உள்ள தப்பெண்ணம் கொஞ்சமில்லை. பொட்டாசியம் அயோடைடு தைராய்டு சுரப்பியை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். மற்றக் கதிர்வீச்சுக்கு அதனால் ஒரு பயனுமில்லை. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், 3 முதல் 18 வயதுவரை 65, ஒரு மாதம் முதல் 3 வயதுவரை 32, பிறந்த குழந்தைக்கு 16. ஒரு வேளை மாத்திரை ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அதிகாரிகள் சொன்னால் மட்டும் போட வேண்டும். 40 வயது தாண்டியவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அயோடின் உப்பை அள்ளித் தின்பதால் எதுவும் ஆகாது, ரத்த அழுத்தம் ஏறும். அணு அச்சச் செய்தி வந்ததும் இதை வாங்கக் குவிகிறவர்கள், அதே காசுக்குத் தண்ணீர்க் கேன் வாங்கியிருந்தால் கூடுதல் பயன்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கு, இரண்டு வாரத்துக்கு 56 லிட்டர். நான்கு பேர் குடும்பத்துக்கு 224. எல்லோராலும் முடியாது, முதல் மூன்று நாளுக்கு 48 லிட்டராவது இருக்கட்டும். சமைக்காமல் உண்ணக்கூடிய மூடிய உணவு, அன்றாட மருந்து, மூடியுள்ள வாளியும் குப்பைப் பையும் கழிவறைக்கு, டார்ச். எல்லாவற்றுக்கும் மேலாக பேட்டரியில் ஓடும் ரேடியோ. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹவாய்க்கே பழைய அனுபவம் உண்டு. 1962 ஜூலை 9 அன்று ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் குண்டைச் சோதித்தது. அது கிளப்பிய மின்காந்த வீச்சில், ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயின் ஓவாஹு தீவில் சுமார் 300 தெருவிளக்கு அணைந்தது. மின்காந்த வீச்சு மின்கம்பியையும் கைபேசிக் கோபுரத்தையும் படுக்கவைத்தால், ‘இப்போது வெளியே வரலாம்’ என்ற அறிவிப்பு எந்த வழியில் வரும்? கைபேசி உயிரோடிருந்தால் அழைக்காதீர்கள், குறுஞ்செய்தி அனுப்புங்கள். நெரிசலிலும் அது நுழைந்து போகும். 2023-இல் இந்தியாவிலும் சோதனைக்காகக் கைபேசிகள் திடீரென்று அலறினவே, ஹவாயில் அன்று வந்த எச்சரிக்கையும் அதே வகைத் தொழில்நுட்பம்தான். கோபுரம் இருந்தால்தான் அதுவும்.

இத்தனையும் ஒன்றிரண்டு குண்டு விழும் நிலைமைக்கான கணக்கு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஹவாயின் தலைநகர் ஹோனலூலு மேல் வடகொரியக் குண்டு ஒன்று விழுந்தாலும் மக்களில் 90 சதவீதத்துக்கு மேல் நேரடித் தாக்கத்தில் தப்புவார்கள் என்றுதான் மாநில நிலையமே சொல்லிவந்தது. அந்தத் தப்பியவர்களைத் தூசியிலிருந்து காப்பதற்கே மேலே சொன்னவை. உலகின் அணு ஆயுதங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் இருக்கிறது. அவை முழுவதும் மோதிக்கொண்டால் 56 லிட்டர் தண்ணீர் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

வெளியே வருவது எப்போது? அறிவிப்பு வந்த பிறகு. அறிவிப்பே இல்லையென்றால் 24 மணி நேரம் கழித்து. விதிவிலக்கு மூன்று: கட்டடம் தீப்பிடிப்பது, இடியத் தொடங்குவது, உடனடியாக மருத்துவம் வேண்டிய ஆபத்து. இருக்கும் இடம் பலகை வீடு போல மெலிதாக இருந்து, ஐந்து நிமிடத் தூரத்தில் கனமான கட்டடம் இருந்தால், வெடித்த கையோடு, தூசி வருமுன் மாறிவிடுங்கள். பிற்பாடு ஊரை விட்டுப் போகச் சொன்னால், எந்தச் சாலையில் என்பதை ரேடியோவில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தூசி விழுந்த பட்டை காற்றின் போக்கில் நீளமாகவும் குறுக்கே ஒடுக்கமாகவும் இருக்கும். அதன் நீளவாக்கிலேயே ஓட்டிப் போகிறவர் வழிநெடுகத் தூசிக்குள்ளேயே இருப்பார், குறுக்கே போகிறவர் சில கிலோமீட்டரில் வெளியே வந்துவிடுவார்.